கருப்பையா கூப்பிட்ட குரலுக்கு

1. மெமோ

வேலைக்குச் சேர்ந்த நான்காம் மாதமே எனக்கு மெமோ வந்தது. கால்நடை மருந்தகத்தில் நான் ஆய்வாளர். ஊர்க்காரர்கள் மரியாதைக்கு ‘டாக்டர்’ என்பார்கள். உண்மையில் டாக்டர் சொல்கிற இடத்துக்குச் சைக்கிள் மிதித்துப் போய் ஊசி போடுகிறவன். தடுப்பூசி மருந்து ஐஸிலேயே இருக்க வேண்டும். சூடு பட்டால் செத்துப்போகும், பிறகு அது வெறும் தண்ணீர். ஒருமுறை வழியில் ஐஸ் உருகிவிட்டதால் விதிப்படி மருந்தைக் கொட்டிவிட்டு வந்து சொன்னேன். எங்கள் டாக்டர் மெமோவை நீட்டிவிட்டு மேசையைத் தட்டினார்.

“என்னய்யா, அரசாங்க மருந்தைக் கொட்டிட்டு வந்து கூசாம நிக்கிற? இன்னொரு தடவை கொட்டினா நீயும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

ஒழுங்காகச் செய்ததற்கு வாங்கிய திட்டு அது. அதிலிருந்து நான் தப்பான பாடத்தைக் கற்றுக்கொண்டேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. வீடு பாலக்கரையில். நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிறுதோறும் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பேன். ஆட்டைத் தொட்டுப் பழகிய வாத்தியார் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஆட்டைத் தோளில் தூக்கி நிற்கும் நல்ல ஆயன் படத்தில் ஆடெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். நம் பக்கத்து ஆடுகள் கன்னங்கரேலென்று இருப்பவை. அதைச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பேன். அந்தப் படத்துக்குப் பொருள் என்னவென்று யோசித்ததில்லை.

2. சிலுவைப்பாதை

அது தவக்காலத்து வெள்ளிக்கிழமை. ஜீயபுரம் பக்கம் ஒரு கிடையில் ஆட்டம்மை கண்டிருந்தது. ஆற்றுக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, அறுப்பு முடிந்த வயலில் கருப்பையா என்பவர் கிடை போட்டிருந்தார். மணப்பாறைப் பக்கத்து மனிதர், ஐம்பது வயதிருக்கும். அறுபத்தெட்டு ஆடுகள். சொத்து என்று அவருக்கு இருந்தது அதுதான். நோய் ஆற்றைத் தாண்டி வருமுன் அவற்றுக்கு ஊசி போட வேண்டும்.

மருந்து கொண்டுபோகும் பிளாஸ்க் உடைந்து கிடந்தது. ஒரு தகரப் பெட்டியில் மரத்தூளும் ஐஸும் போட்டு, நடுவே மருந்தை வைத்து, கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வழியில் எங்கள் கோயிலில் மூன்று மணிச் சிலுவைப்பாதை ஜெபத்துக்கு மணி அடித்தது. தவக்காலத்தில் ஒரு வெள்ளியும் தவறவிட்டதில்லை. பத்து நிமிஷம் தலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று நுழைந்தேன். நாலு பேர் பார்க்க முன்வரிசையில் முழங்காலிட்டுவிட்டுப் பாதியில் எழுந்து போக முடியுமா? பதினான்கு ஸ்தலத்திலும் நின்று ஜெபித்து முடிந்து வெளியே வந்தபோது மணி நாலே கால். சைக்கிள் கடும் வெயிலில் நின்றிருந்தது. பெட்டியைத் திறந்தேன். மரத்தூள் கஞ்சியாகியிருந்தது. குப்பியைத் தொட்டால் வெதுவெதுப்பு.

திரும்பிப் போனால் டாக்டர். எங்கே நின்றாய் என்று கேட்பார். கோயிலில் என்று சொல்ல வேண்டும். நான் சைக்கிளை ஸ்ரீரங்கம் பக்கம் திருப்பினேன்.

3. கிடையில்

கருப்பையா ஆட்டை அடைக்கும் மூங்கில் படல்களையெல்லாம் பிடுங்கி அடுக்கிக் கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

“நல்லவேளை வந்தீங்க சார். அம்மை பக்கத்துல வந்துருச்சுங்கிறாங்க. இன்னிக்கே ஊர்ப் பக்கம் ஓட்டிட்டுப் போயிடலாம்னு இருந்தேன். ஊசி போட்டா இங்கயே இருக்கலாங்களா?”

போங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு ஐஸும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

“ஊசி போட்டுட்டா ஒண்ணும் பயமில்லண்ணே. இங்கயே இருங்க” என்றேன்.

அவர் படலை மறுபடி நிறுத்தி, ஒரு ஆள் நுழைகிற இடைவெளி மட்டும் விட்டு, அதில் தானே வாசல் மாதிரி நின்றார். சிரிஞ்சைக் கண்டதும் ஆடுகள் மூலையில் முட்டிக்கொண்டு ஒண்டின. அவர் கயிறும் எடுக்கவில்லை, கம்பும் எடுக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார். “சுட்டீ, வாடி. குறுங்காது, வா தாயி.” ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்து அவர் முழங்காலில் முகத்தை வைத்தது. அப்படி வைத்த ஆட்டுக்குத்தான் நான் குத்தினேன். அறுபத்தெட்டுக்கும். பதிவேட்டில் எழுதி அவரிடம் கைநாட்டும் வாங்கிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன். ஆடுகள் தங்கள் ஆயனின் குரலை அறியும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான்தான்.

4. நல்லாயன் ஞாயிறு

உயிர்ப்புத் திருநாளான ஈஸ்டரன்று அந்தக் கிடையில் முதல் குட்டி செத்தது. பிறகு தினமும். வாயெல்லாம் கொப்புளம், மூக்கு அடைத்து மூச்சு விட முடியாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். டாக்டர் வந்து பார்த்து, “ஊசி போட்டும் சில சமயம் கேக்காது” என்று எழுதிவிட்டுப் போனார். நான் தலையாட்டினேன். குழி வெட்டச் சொல்லி, சுண்ணாம்பு போடச் சொல்லி, பக்கத்திலேயே நின்றேன். கருப்பையா எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் குடித்தேன்.

மூன்று வாரம் கழித்து நல்லாயன் ஞாயிறு வந்தது. பங்குச் சாமியார் முந்தின நாள் கூப்பிட்டனுப்பினார்.

“ஆட்டோட இருக்கிறவரு நீங்க. நாளைக்குப் பிள்ளைங்களுக்கு ஆயனைப் பத்தி நீங்களே பேசுங்களேன்.”

“என்னால முடியாது சாமி” என்றேன். ஏன் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். ஓநாய் வந்தால் கூலிக்கு மேய்ப்பவன் ஓடிப்போவான் என்று வேதத்தில் இருக்கிறது. நான் ஓடக்கூட இல்லை. பயமில்லை என்று சொல்லி ஓநாயைப் பட்டிக்குள் விட்டுவிட்டு, மோரும் குடித்தவன். வேலியே பயிரை மேய்ந்த கதை.



“எங்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. செத்தது என் ஆடு இல்லையே. அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க” என்றார் சாமியார்.

5. அவர் சொன்னது

ஞாயிறு பூசைக்குப் போகாமல் கிடைக்குப் போனேன். ஐஸ் உருகியது, தெரிந்தே போட்டது, எல்லாம் சொன்னேன். கருப்பையா பீடியைக் கீழே போட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்று இருந்தது.

“அன்னிக்கு ஆடு உங்களப் பாத்து வரலீங்க சார்” என்றார். “நான் கூப்புட்டேன்னு வந்துச்சு. என் குரல வச்சுல்ல குத்தியிருக்கீங்க.”

எழுந்து நின்று அதே குரலில் கூப்பிட்டார். மிச்சமிருந்த இருபத்து மூன்றும் வந்தன. முகமெல்லாம் பொருக்கு. ஒன்றுக்குக் கண் போயிருந்தது. அது சத்தத்தை வைத்தே தடுமாறி வந்து அவர் காலில் முகத்தை வைத்தது.

“பாருங்க, இன்னமும் வருது” என்று சொல்லிவிட்டு அழுதார்.

நானும் அழுதேன், ஆனால் என் அழுகைக்கு அங்கே மதிப்பில்லை. ஆயன் என்றால் ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு அழகாக நிற்கிறவர் என்று நினைத்திருந்தேன். தன்னை நம்பி வந்ததற்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டாக்டரிடமும் எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் சஸ்பென்ஷன். அது ஒரு தண்டனையே இல்லை.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மருந்து கெட்டுவிட்டால், கெட்டுவிட்டது என்று ஆட்டுக்காரரிடம் அங்கேயே சொல்லிவிடுங்கள். அவர் உங்களைத் திட்டுவார். திட்டிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார். ஆடுகள் பிழைத்துக்கொள்ளும்.