பசுநெய் என்று அச்சடித்த லட்டு

மதுரை ஸ்டேஷன் பக்கம் ஒரு காபி கிளப். அதன் முதலாளி ஜட்கா வண்டியில் தமுக்கடித்து எங்கள் ஊர்வரை நோட்டீஸ் வீசச் செய்தான். ரோஸ் தாளில் ஒரு லட்டுப் படம். தூக்க இரண்டு கை வேண்டும்போல இருந்தது. 'கலப்பற்ற பசுநெய்யினாலேயே செய்யப்பட்டவை. சீமான்கள் வீட்டு விசேஷங்களுக்கு ஏற்றவை.' எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாசித்துக் காட்டினேன்.

அந்த வாரம் அக்காவை உறுதி பண்ண தல்லாகுளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. மாப்பிள்ளை கோர்ட்டு குமாஸ்தா. எங்கள் கொட்டில் நிறைய எருமைகள். அம்மா நெய் உருக்கினால் தெருவே மணக்கும். ஆனால் டவுன்காரர்களுக்கு வீட்டுப் பணியாரத்தை வைக்க அய்யாவுக்குக் கூச்சம். கடைக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் அளப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அறிந்த அச்சுத்தாள் கோர்ட்டுச் சம்மன் ஒன்றுதான்.

"அச்சுல போட்டுப் பொய் சொன்னா சர்க்கார் சும்மா விட்டுருமாக்கும்?" என்றார்.

ஓலைப்பெட்டியில் வந்த லட்டு எலுமிச்சங்காய் அளவு. முந்திரிக்குப் பதில் உடைந்த நிலக்கடலை. நெய் என்றது வனஸ்பதி; மேலண்ணத்தில் மெழுகாய் அப்பிக்கொண்டது. மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் கடித்துவிட்டுக் கொட்டிலைப் பார்த்தார். அய்யா பதறிப்போய் நோட்டீசை எடுத்து என்னிடம் நீட்டினார். மறுபடி வாசித்தேன். 'சீமான்கள்' என்ற சொல்லுக்கு வந்தபோது மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவர் சிரித்துவிட்டார்.

"இம்புட்டு எருமை கட்டியிருக்கீக. எங்களுக்கு வைக்க மட்டும் டப்பா நெய்தான் கெடைச்சுதா, அண்ணே?" என்றார் அந்த அம்மா.

தட்டு மாற்றாமலே எழுந்துபோனார்கள். முதல் நாளே செலவுக்குக் கையை இழுத்துப் பிடித்ததுமல்லாமல், படித்த பையனை வைத்துச் சமாளிக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்களாம்.

மறுநாள் அய்யாவோடு கிளப்புக்குப் போனேன். கொடுத்த காசை அவர் திருப்பிக் கேட்கவில்லை. தல்லாகுளத்துக்கு வந்து, அது வனஸ்பதி என்று எங்களுக்குத் தெரியாது என ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். கல்லாவில் உட்கார்ந்திருந்தவன் நெற்றி நிறையச் சந்தனம் பூசியிருந்தான். வாய் நிறைய வெற்றிலை.

"நோட்டீசு ஊருக்காகப் போடுறது, பெரியவரே. அதைப் போயி லட்டுக்குள்ள தேடுவாகளா?"

"எம்மக சம்பந்தம் முறியுதுய்யா."

"அதுக்கு, என் சரக்கை நானே மட்டம்னு சொல்ல வரணுமோ?" என்று சிரித்தான். பிறகு, பெரிய தர்மப்பிரபுபோல, அய்யாவுக்கு இனாமாக ஒரு காபி கொண்டுவரச் சொன்னான்.

அய்யா அதைத் தொடவில்லை. ஆவணியில் அந்தக் குமாஸ்தாவுக்கு வேறிடத்தில் கல்யாணம் நடந்தது.