அம்மன் படத்துக்குப் பின்னால் இருந்த சீட்டு

என் கணவரின் நுரையீரலில் மூன்று கட்டிகள் என்று டாக்டர் சொன்னபோது, வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. நான் செய்த தப்பு எனக்குத் தெரியும்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு, அவருக்குப் புற்றுநோய் வந்த ஒரு கிட்னியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். சித்திரபுரம் பக்கம் எங்கள் எஸ்டேட் மாரியம்மனிடம் மடிப்பிச்சை கேட்டேன். அவர் பிழைத்து வந்தார். வெள்ளியில் சின்ன ஆள் உருவம் வாங்கி உண்டியலில் போட்டேன். பங்குனிக்குப் பங்குனி பால்குடம் எடுத்தேன். "எங்க வீட்டுக்காரருக்குச் சீக்கு அத்துப்போச்சு" என்று கோயிலில் எல்லாரிடமும் சொன்னேன்.

வருடா வருடம் கோட்டயம் போய் ஸ்கேன் எடுக்க வேண்டும். ஆத்தா குணமாக்கிய உடம்பை மறுபடி சோதிப்பதா? அவளையே சந்தேகப்படுகிற மாதிரி எனக்குப் பட்டது. இரண்டு தடவை போனோம். இரண்டாம் தடவை, அடுத்த தேதி எழுதிய சீட்டை நான்தான் வாங்கினேன். அதை வீட்டில் அம்மன் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, "இனி வர வேண்டாம்னுட்டாங்க" என்று அவரிடம் பொய் சொன்னேன்.

அவருக்கு டீ பேக்டரியில் வேலை. போன மழைக்காலத்தில் இருமல் வந்தது. தேயிலைத் தூசி என்று கஷாயம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன், பாவி. சளியில் ரத்தம் கண்ட பிறகுதான் மலை இறங்கினோம். பழைய நோயே திரும்பியிருந்தது.

கோயிலுக்குப் போனேன். குணமாக்கு என்று கேட்க வாய் வரவில்லை. "ஆத்தா, நான் செஞ்சத அவர்ட்ட சொல்லத் தைரியம் குடு. அது போதும்" என்று அழுதேன்.

அன்று சாயங்காலமே சீட்டை எடுத்து அவர் கையில் வைத்தேன். எல்லாம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"இத அப்பவே பாத்துட்டேன் புள்ள. படத்தத் தொடைக்கும்போது கீழ விழுந்துச்சு. நாந்தான் திரும்பச் சொருகி வச்சேன். எனக்கும் போகப் பயம். நீ சொன்ன பொய் எனக்குத் தோதாப் போச்சு."

ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். இத்தனை வருடம் ஒரே வீட்டில் தனித்தனியாகப் பயந்திருக்கிறோம். நான் கேட்டதற்கு மேலேயே ஆத்தா கொடுத்தாள்.

இப்போது மாத்திரை கொடுக்கிறார்கள். கட்டி கரையவில்லை, வளரவும் இல்லை. எத்தனை நாள் என்று டாக்டரும் சொல்லவில்லை. அவர் இருமும்போதெல்லாம் சளியில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஆனாலும் அவரிடம் மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அக்கா தங்கைகளே, ஆத்தாவை நம்பி அழுங்கள். அவளுக்குக் கேட்கும். டாக்டர் தந்த தேதியை மட்டும் அவள் பெயரைச் சொல்லித் தள்ளிவிடாதீர்கள்.

இந்தப் பங்குனியில் பால்குடத்தன்றே ஸ்கேன் தேதியும் விழுந்தது. கோயிலைத் தாண்டும்போது என் கால் நின்றது.

"வா புள்ள, அங்கயும் அவதான் இருப்பா" என்றார்.

புதுத் தேதிச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.