வெறுங்கையோடு வராத ஊரில் ஓர் அறையைக் காலி செய்வது

போன திங்கட்கிழமை காலையில் டாக்டர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்.

"வியாழக்கிழமை டிஸ்சார்ஜ். மாடி ஏறக் கூடாது, கீழ் ரூமிலேயே இருக்கட்டும். தரையில ஒரு பொருள் கிடக்கக் கூடாது... மிதியடிகூட. இன்னொரு தடவை விழுந்தா ரொம்பக் கஷ்டம்."

நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. ஏன் தெரியுமா? எங்கள் வீட்டில் கீழே ஒரு ரூம் இருப்பது உண்மை. ஆனால் அந்த ரூமின் தரையைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்காரர் மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "கால் வழுக்கிட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வழுக்கவில்லை. படி திரும்புகிற இடத்தில் ஒரு பத்திரிகைக் கட்டு இருந்தது. கீழே இடமில்லை என்று நான்தான் "இப்போதைக்கு இங்கே இருக்கட்டும்" என்று வைத்தேன். 'இப்போதைக்கு' என்றால் எங்கள் வீட்டில் ஏழெட்டு மாதம். அந்தக் கட்டில் இருந்தவை என்ன பத்திரிகைகள்? என் பத்தி வெளிவந்த இதழ்கள்.

ஆமாம், நான் எழுதியதில் தடுக்கித்தான் அவர் விழுந்தார்.

அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அவர் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அடுப்படியில் பாத்திரம் விழுந்தாலும் நெஞ்சு பதறுகிறது.

திங்கள் மதியம் ஆஸ்பத்திரியில் அவருடைய தம்பியை உட்காரவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கீழ் ரூம் கதவைத் தள்ளினேன். பாதிதான் திறந்தது. உள்ளே எதுவோ முட்டுக்கொடுத்திருந்தது.

இவர் பதினெட்டு வருஷம் மஸ்கட்டில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு லீவுக்கும் ஒரு கம்பளி வாங்கி வருவார். புலிப்படம் போட்டது, ரோஜாப்படம் போட்டது, இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியது... இங்கே குலசேகரத்தில் எந்தக் குளிருக்கு என்று கேட்டால், "எல்லாரும் வாங்குனாவ, நானும் வாங்குனேன்" என்பார். அப்படிப் பதினாலு கம்பளி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். மூன்று மிக்சி, மூன்றும் ஓடாது. கால் உடைந்த நாற்காலிகள். மகள் ஓட்டிய சின்ன சைக்கிள் — அவளுக்கே இப்போது கார் இருக்கிறது. திற்பரப்பு அருவியில் குளிக்க வருகிற சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். அவர்கள் மறந்துவிட்டுப்போன துண்டுகள் மட்டும் ஒரு சாக்கு. 'வந்தால் கேட்பார்களே' என்று துவைத்து மடித்து வைத்திருந்தேன். யாராவது கேட்டார்களா? இல்லை. புதுத் துண்டுகளோடு வந்து அவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள்.

யூடியூபில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள் — ஒரு வருஷம் தொடாத பொருள் உங்களுக்குத் தேவையில்லை, தூக்கிப் போடுங்கள். எவ்வளவு சுலபம்! நானும் முதல் பொருளைக் கையில் எடுத்தேன். மூடி இல்லாத ஒரு ஃபிளாஸ்க். வெளியே கொண்டுபோய் வைத்தேன். பத்து நிமிஷம் கழித்து, மூடி எங்கேயாவது கிடைத்துவிட்டால்... என்று திரும்ப உள்ளே கொண்டுவந்தேன்.

இரண்டு மணி நேரத்தில் நான் சாதித்தது அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் 'வெப்ராளம்' என்று ஒரு வார்த்தை உண்டு. பதற்றம், அவசரம், என்ன செய்வதென்று தெரியாமல் செய்யக் கூடாததையெல்லாம் செய்வது... எல்லாம் அதற்குள் அடக்கம். அந்த வெப்ராளம் எனக்குப் பிடித்துக்கொண்டது. எதைத் தொட்டாலும் அதற்கு அடியில் இன்னொன்று. எதைப் பார்த்தாலும் அவர் அதில் தடுக்கி விழுவதுபோலவே தோன்றியது. கம்பளிக் கட்டின்மேல் உட்கார்ந்து அழுதேன். ரிட்டயர்ட் டீச்சர், வாராவாரம் ஊருக்கெல்லாம் அறிவுரை எழுதுகிறவள்... மூக்கைச் சிந்தக்கூட அந்தத் துண்டுச் சாக்கைத்தான் திறந்தேன்.

அப்படித்தான் ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். பக்கத்து வீடு. விடியற்காலையில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போய்விட்டு, மத்தியானம் என்னோடு ஒரு சாயா குடிக்காமல் இருக்க மாட்டாள்.

"என்ன டீச்சரே, எழவு வீடு மாதிரி இருக்கிய? அண்ணனுக்கு ஒண்ணும் இல்லல்லா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா இந்த வெப்ராளம்? வேணும்னு உள்ளவன் எடுத்துட்டுப் போவட்டும். இப்பம் பாருங்க."

போனை எடுத்தாள். எங்கள் தெரு வாட்ஸாப் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். "எல்லாரும் கேளுங்க. டீச்சருக்க வீட்டுல சாமான் ஒழிக்காவ. கம்பளி, சேர், சைக்கிள் எல்லாம் கெடக்கு. வேணும்னு உள்ளவங்க வந்து எடுங்க. அண்ணன் இடுப்பு ஒடிஞ்சி ஆஸ்பத்திரியில கெடக்காரு. வியாழக்கிழம கொண்டு வாறாவ. அதுக்குள்ள ரூம் ஒழியணும்."

முதல் பாதி சரி. இரண்டாவது பாதியில்தான் தப்பு நடந்தது. அப்போது எனக்கும் உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆட்கள் வந்தார்கள். கம்பளி பதினாலும் போயிற்று. நாற்காலி போயிற்று, சைக்கிள் போயிற்று, ஓடாத மிக்சிகளைக்கூட ஒருவர் "நான் ஓட வச்சுக்கிடுதேன்" என்று கொண்டுபோனார். துண்டுச் சாக்கை ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர் வண்டி துடைக்க எடுத்துக்கொண்டார். சாயங்காலம் அந்த ரூமில் தரை தெரிந்தது! சிவப்பு சிமெண்ட் தரை. அதன் நிறமே எனக்கு மறந்திருந்தது. சுவர் ஓரத்தில் என் பத்திரிகைக் கட்டுகள் மட்டும் இருந்தன. அவற்றை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்தினேன். ஒரு வாரத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

புதன் காலை ஏழு மணிக்கு வாசலில் ஓர் ஏத்தன் வாழைக்குலை வந்து இறங்கியது. முந்தின நாள் புலிக் கம்பளி கொண்டுபோன பெண்.

"இது எதுக்கு மக்கா?"

"சொகமில்லாத ஆளு உள்ள வீட்டுல இருந்து சும்மா எடுத்துட்டுப் போனா மனசு கேக்குமா டீச்சரே? அண்ணனுக்கு அவிச்சுக் குடுங்க."

எங்கள் ஊர்க்காரர்களை எனக்குத் தெரியாதா? நோயாளி இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு வர மாட்டார்கள். அதுவும் எதையாவது வாங்கிக்கொண்டு போனவர்கள்... தெரிந்திருந்தும் அந்த மெசேஜை நானே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேனே! பாதிப் பேருக்கு அவர் விழுந்ததே தெரியாது. தெரிந்தவர்களுக்கு என்றைக்கு வருகிறார் என்று தெரியாது. இப்போது எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது.

மரச்சீனிக் கிழங்கு ஒரு மூட்டை வந்தது. மட்டிப்பழம் நாலு சீப்பு, தேங்காய் முப்பது, ஹார்லிக்ஸ் ஏழு பாட்டில். சக்கை என்று நாங்கள் சொல்கிற பலாப்பழம் இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் எடை. மிக்சி கொண்டுபோன பேபி அண்ணன் ஒரு நாட்டுக்கோழியை உயிரோடு கொண்டுவந்து ஜன்னல் கம்பியில் கட்டினார். எலும்பு கூடுவதற்குச் சூப்பாம். எல்லோரும் நேராகக் கீழ் ரூமுக்குத்தான் போனார்கள். "இங்கதான் நல்லா இடம் கெடக்கே!" என்று சந்தோஷமாக இறக்கினார்கள்.

வேண்டாமென்று சொல்ல முடியுமா? சொன்னால், 'நம்ம வீட்டுச் சாமான் டீச்சருக்குப் பிடிக்கல்ல' என்று ஆகிவிடும். பத்து வருஷம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். சிரித்துக்கொண்டே வாங்கினேன். நாளைக்குப் பதினொரு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்துவிடும். ஒரு புண்ணியவதி "டீச்சர் தனியா கஷ்டப்படாண்டாம்" என்று சக்கையை அங்கேயே வெட்டிச் சுளை எடுத்துக் கொடுத்தாள். பசையும் தண்ணீரும் தரையில். தேங்காய் ஒன்று உருண்டு வந்தது. நான் கால் வைத்தேன்.

விழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துவிட்டேன். கோழி கத்தியது. அதைவிடச் சத்தமாக நான் கத்தினேன்.

"யாரும் இனி ஒண்ணும் கொண்டு வராதுங்க! அவரு இதுல விழுந்து சாகணுமா? எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க!"

எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பேபி அண்ணனின் முகம் சுருங்கிப்போனது. "நல்லதுக்குதானே பிள்ளே கொண்டு வந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு செருப்பை மாட்டினார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. அவருக்கு வயது எழுபத்து மூன்று. அந்தக் கோழியைக் கொடுக்க மூன்று கிலோமீட்டர் நடந்து வந்திருந்தார்.

ஸ்டெல்லாதான் வழியை மறித்தாள்.

"அண்ணே, நில்லுங்க. சொகம் விசாரிக்க வந்த ஆள வெறுங்கையோட அனுப்ப பிடாதுல்லா? டீச்சருக்கு வெப்ராளத்துல சொல்ல வரல்ல." சொல்லிக்கொண்டே ஏத்தன் குலையில் இரண்டு சீப்பு வெட்டி அவர் கையில் கொடுத்தாள். "அண்ணன் வாறது நல்லபடியா நடக்கணும்னு எல்லாரும் வேண்டிக்கிட்டுத் தின்னுங்க."

பேபி அண்ணன் வாங்கிக்கொண்டார். எப்படி மறுப்பார்? வாங்க மாட்டேன் என்பதும் மரியாதை இல்லையே!

அப்புறம் என்ன... வந்தவர் கொண்டுவந்தது ஒன்று என்றால், முந்தினவர்கள் கொண்டுவந்ததில் இரண்டாகக் கொடுப்போம். மரச்சீனி கொண்டுவந்தவருக்குச் சக்கைச் சுளை. தேங்காய் கொண்டுவந்தவருக்கு ஹார்லிக்ஸ். மட்டிப்பழச் சீப்பு ஒன்று மூன்று கை மாறி எங்கள் வாசலுக்கே திரும்ப வந்தது. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. ஸ்டெல்லாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வாங்கி வைத்தோம். நாலாவதாக வந்தவரிடம் கொடுத்துவிட்டோம். கோழி மட்டும் ஸ்டெல்லா வீட்டுக் கூட்டுக்குப் போனது. சூப்பு தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் தரையை மூன்று தடவை தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துப் பசையை எடுத்து, அந்த எண்ணெய் போக சோப்புத்தண்ணீர் விட்டுக் கழுவினோம். கடைசியில் அந்தக் கட்டுகள்தான் மிச்சம். பதினொரு கட்டு.

பிரித்துப் பார்க்கக் கை போயிற்று. ஒரு வரி படித்தால் கொடுக்க மாட்டேன் என்று எனக்கே தெரியும். ஸ்டெல்லாவிடம், "எடுத்துட்டுப் போ" என்றேன். அவள் தம்பிக்குச் சந்தையில் கருவாட்டுக் கடை. பொதிந்து கொடுக்கப் பேப்பர் வேண்டுமாம். ஸ்கூட்டரில் நாலு நடை அடித்துக் கொண்டுபோனாள். நான் வாசலில் நிற்கவில்லை, அடுப்படிக்குள் போய்விட்டேன்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அவரிடம், படியில் அந்தக் கட்டை வைத்தது என் தப்பு என்று சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். எல்லாக் கட்டையும் கொடுத்துவிட்டேன் என்றேன்.



"எல்லாத்தையும் குடுத்தியா?"

"எல்லாத்தையும்."

"சே... மூணு மாசம் அந்த ரூமுலயே கெடக்கணும்னு சொல்லியாச்சு. இப்பமாவது வாசிப்போம்னு நெனச்சேனே!"

பதினேழு வருஷமாக நான் எழுதியதில் ஒரு வரி வாசிக்காத மனுஷன்! விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. அழுதுகொண்டே சிரித்தேன். அவரும் சிரித்தார், பிறகு "இடுப்பு வலிக்கி, வைய்யி" என்றார்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு ஆம்புலன்ஸ் வந்தது. வாக்கரை ஊன்றி, ஒவ்வோர் அடியாக, கீழ் ரூம் வாசல் வரைக்கும் வந்தார். ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், வேறு ஒன்றுமே இல்லை. மூன்று நாளாக நான் உயிரைக் கொடுத்துச் செய்த வேலை. அவர் முகம் மலரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் நின்றுவிட்டார். இரண்டு கையாலும் வாக்கரை இறுக்கினார்.

"ஏட்டி... இத்தன விரிஞ்சு கெடக்கு. தடுமாறுனா பிடிக்க ஒண்ணையும் காணல்லயே?"

"வாக்கர் இருக்குல்லா?"

"அது எனக்க கூடச் சேந்து விழும்லா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு மூன்று வருஷமாகவே அவர் நாற்காலி, அலமாரி, பெட்டி என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்துத்தான் வீட்டுக்குள் நடந்திருக்கிறார். கால் தளர்ந்துவிட்டது என்று என்னிடம் சொல்லவில்லை. இந்த ரூமில் அவர் பிடிக்க இருந்ததையெல்லாம் நான் தெருவுக்கே பங்கு வைத்துவிட்டேன். பயம் திரும்ப நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தது. இனி என்ன செய்ய? பேபி அண்ணனிடம் போய் மிக்சியைத் திருப்பிக் கேட்கவா?

அவருக்கு இடது பக்கமாகப் போய் ஒட்டி நின்றேன்.

"நான் இருக்கேன்லா. தடுமாறுனா என்னைப் பிடிங்க."

"ஒனக்கே முட்டு வலி."

"சேந்து விழுவோம். நடங்க."

கட்டிலுக்குப் பதினாலு அடி. அவர் வாக்கரை ஓர் அடி தள்ளுவார், நான் ஓர் அடி வைப்பேன். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். கட்டிலில் உட்கார என் தோளைப் பிடித்தவர், உட்கார்ந்த பிறகும் விடவில்லை. அவர் கை என் மேல் பட்டு எத்தனை வருஷமாயிற்று!

ஒரு வருஷம் தொடாததைத் தூக்கிப் போடச் சொன்னாளே அந்த யூடியூப் பெண்... நல்லவேளை, அவர் அந்த வீடியோவைப் பார்க்கவில்லை!