மச்சானின் டோக்கன்

போர்க்கப்பல் தளத்தில் சோதனை டெக்னீஷியன்களை மேய்ப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. இந்தச் சொல்லுக்கு அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். என்னை இதைவிட மோசமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கப்பலின் அடியில் தண்ணீர்த் தொட்டிகள் இருக்கும். ஒரு ஆள் நுழையுமளவுக்கு ஒரே வாய். அதை மூடி, நட்டுகளை முடுக்கி, உள்ளே காற்றை ஏற்றுவோம். வெளியே வெல்டிங் மேல் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்ப்போம். உள்ளே இறங்குபவன் தன் பித்தளை டோக்கனை வாயருகே உள்ள பலகையில் மாட்ட வேண்டும். ஏறி வந்ததும் அவனே எடுக்க வேண்டும். பலகை காலியானால்தான் மூடி. விதிமுறையை எழுதியவர்களில் நானும் ஒருவன். ஆகவே அது பிசகும் என்று நினைத்ததே இல்லை.

அன்று பௌர்ணமிக்கு முந்தைய நாள். என் குழுவில் கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் இருவர். பெரியவனின் தங்கையைச் சின்னவன் கட்டியிருந்தான். சோதனை முடிந்ததும் கிரிவலத்துக்கு ஊர் கிளம்பலாம் என்று இருவருக்கும் சொல்லியிருந்தேன்.

பலகை காலி. மூடி இறங்கியது, நட்டுகள் இறுகின. நான் காற்று வால்வில் கை வைத்தபோது டீ வந்தது. எல்லோரும் எடுத்த பிறகும் தட்டில் ஒரு கிளாஸ் மீந்தது.

"இது யாருதுய்யா?"

"மச்சானுதுங்க சார். வந்துடுவான்," என்றான் பெரியவன்.

"எங்கேருந்து வருவான்?"

"டார்ச்சை உள்ளயே வெச்சுட்டான் சார். எடுத்துனு என் பின்னாடியே வந்தானே…"

"பலகையில டோக்கன் இல்லையே?"

அவன் சட்டைப் பையிலிருந்து இரண்டு டோக்கன்களை எடுத்தான். "ரயிலுக்கு லேட்டாவுதேன்னு நான்தான் சேர்த்து…" சொல்லி முடிக்காமலே ஸ்பேனரை எடுக்க ஓடினான்.

வால்வை நான் இன்னும் திருப்பவில்லை. ஆனாலும் கையை எடுக்கப் பயமாக இருந்தது. எடுக்கும் அசைவிலேயே திறந்துகொள்ளுமோ என்று. பக்கத்துக் கப்பலில் இரும்பைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளிருந்து யார் தட்டினாலும் கேட்காது. அடைத்த தொட்டியில் காற்று ஏறினால் முதலில் காது, பிறகு என்னென்ன என்று எனக்கு வரிசையாகத் தெரியும். படித்தவனுக்குப் பயம்கூட வரிசைப்படிதான் வரும்.

ஸ்பேனர் பெரியவன் கையிலிருந்து இருமுறை நழுவியது. மூடி திறந்தது. உள்ளே இருட்டு. குரல் இல்லை.

பிறகு ஒரு டார்ச் வெளிச்சம் ஆடிக்கொண்டே வந்தது. சின்னவன் ஏறினான். தட்டித் தட்டி விரல் மூட்டுகளில் தோல் உரிந்திருந்தது.

"இன்னா மச்சான், டீ ஆறிடுச்சா?" என்றான்.

இப்போது நான் ஓய்வு பெற்று அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறேன். இருவரும் பௌர்ணமிதோறும் வந்து, என் வாசலில் செருப்பை விட்டுவிட்டு நடப்பார்கள். போன பௌர்ணமியில் பெரியவன் மட்டும் திரும்பினான். கூட்டத்தில் பிரிந்துவிட்டார்களாம். சின்னவன் போனை எடுக்கவில்லை.

"நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருப்பான். அவன் செருப்பையும் எடுத்துனு போயேன்," என்றேன்.

"நான் தொடமாட்டேன் சார். அவனே வந்து எடுக்கட்டும்."

அவன் படியில் உட்கார்ந்தான். வீட்டுக்குள் பார்த்து மூன்று டீ போடச் சொல்லிவிட்டு, நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இருவருமே சொல்லவில்லை. கூட்டத்தில் அந்தத் தலை தெரிகிறவரை பாதையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.