ஒரே ஒரு ‘பா’

சீனா டீச்சருக்குச் சீன மொழி தெரியாது. இந்த உண்மை அவளுக்குத் தெரியும், அவள் கணவருக்குத் தெரியும், அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவள் மகளுக்குத் தெரியும். மற்றபடி ஒரு பள்ளிக்கூடமே அவளிடம் சீன மொழி கற்றுக்கொண்டிருந்தது.

எல்லாம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதைதான். கல்யாணத்துக்கு முன் சீனக்காரர்கள் நடத்திய செருப்புத் தொழிற்சாலையில் வரவேற்பு மேசையில் இருந்தாள். பிறகு பூகோள ஆசிரியை வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது தலைமை ஆசிரியர், “வேற என்ன தெரியும்?” என்று கேட்டார். மனுஷி சும்மா இருந்திருக்கலாம். “சீன மொழி கொஞ்சம் தெரியும் சார்” என்று சொல்லிவைத்தாள். கொஞ்சம் என்றால் வணக்கம், நன்றி, சாப்பிட்டாச்சா, அவ்வளவுதான்.

அடுத்த தெருப் பள்ளியில் பிரெஞ்சு ஆரம்பித்ததும் தலைமை ஆசிரியருக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தக் கொஞ்சத்தை அப்போதுதான் அவர் ஞாபகப்படுத்திக்கொண்டார்.

“பூகோளம் யார் வேணா எடுப்பாங்க டீச்சர். இது உங்களால மட்டும்தான் முடியும்.”

மறுநாளே வாசலில் ‘இங்கே சீன மொழி கற்றுத்தரப்படும்’ என்று பேனர் கட்டிவிட்டார். தெரியாது என்று சொன்னால் நேர்காணலில் விட்ட புளுகு வெளியே வரும், வேலை போகும். வேலை போனால் ஆசிரியர் பிள்ளை என்று மகளுக்குக் கிடைத்த இலவச இடமும் போகும். அதனால் அவள் மென்று விழுங்கிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, பாத்திரம் கழுவும்போது போனில் ஒரு பாடம் கேட்பாள். மறுநாள் அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். பழக்கவழக்கப் பாடங்களைச் சமாளித்துவிட்டாள். சிவப்புத் தாளில் விளக்குக் கூடு செய்வது, இரண்டு பென்சிலால் பயறு எடுப்பது, இரண்டு கையாலும் கோப்பையை வாங்குவது என்றால் பிள்ளைகள் உயிரை விட்டார்கள். மொழிதான் காலை வாரியது. உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் பலகையில் எழுதிப்போட்டு ஒப்பேற்றினாள்.

“சொல்றவளுக்கும் தெரியாது, கேக்கறவங்களுக்கும் தெரியாது. அப்புறம் என்ன பயம் உனக்கு?” என்பார் கணவர். அவருக்கென்ன, வீட்டில் உட்கார்ந்து வாய்கிழியப் பேசலாம்.

ஒருநாள் தலைமை ஆசிரியர் வாயெல்லாம் பல்லாக வந்தார். பக்கத்து ஆலையில் இயந்திரம் பொருத்த வந்திருக்கும் சீனப் பொறியாளர் அம்மா ஒருவரை ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டுவிட்டாராம். டீச்சர் வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள்.

“அதுக்கு முன்னாடி சார்கிட்ட உண்மையைச் சொல்லிடும்மா” என்றாள் மகள்.

“சொன்னா உன் சீட்டு என்னாகும்? அடுத்த வருஷம் பத்தாவதுடி.”

“வேற ஸ்கூலே இல்லையா? தப்புன்னு தெரிஞ்சே உன்னை மிஸ்னு கூப்பிட்டு, எல்லாரோடயும் சேர்ந்து கத்தறேன். என்னால முடியலம்மா.”

இந்தப் பெண்ணுக்காகத்தான் இவ்வளவும் என்று நினைத்திருந்தாள். இவளும் தன்னோடு மாட்டிக்கொண்டு தவிக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

விழாவில் பிள்ளைகள் ஒரு சின்ன நாடகம் போட்டார்கள். வீட்டுக்காரப் பெண் இன்னும் சாப்பிடச் சொல்லி உபசரிக்கிறாள். விருந்தாளிகள் எல்லோரும் வயிற்றைத் தடவிக்கொண்டு, “வோ பாவ் ல!” என்று முழங்க வேண்டும். வயிறு நிறைந்துவிட்டது என்று பொருள். முழங்கினார்கள்.

முதல் வரிசையில் இருந்த பொறியாளர் அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மேடைக்கு வந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆலையில் பழகிய உடைந்த தமிழில் பேசினார்.

“வயிறு நிறைஞ்ச ‘பா’வுக்கு வாயில காத்து வராது. இவங்க காத்து விட்டு சொல்றாங்க. அப்படி சொன்னா, ‘நான் ஓடிப்போயிட்டேன்’!”

விளக்குக் கூட்டிலிருந்து உதிர்ந்த சிவப்புத் தாளை எடுத்து உதட்டுக்கு முன்னால் பிடித்து ஒரு ‘பா’ சொன்னார். தாள் அசையவில்லை. அது நிறைந்த வயிறு. இன்னொரு ‘பா’ சொன்னார். தாள் படபடத்தது. அது ஓட்டம். தமிழில் இருப்பது ஒரே ஒரு ‘பா’. ஓடுவதற்கான சொல்லை முதலில் படித்த டீச்சர், நல்லா ஊதிச் சொல்லுங்க என்று பிள்ளைகளைப் பழக்கியிருந்தாள். பிறகு வயிறு நிறைவதற்கான சொல் வந்தபோது அதே எழுத்தையே எழுதிப்போட்டாள். பள்ளிக்கூடமே ஊதியது.

அவளையும் சொல்லச் சொன்னார். தாள் படபடத்தது. கூட்டம் சிரித்தது. உண்மையிலேயே அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போல அவளுக்கு இருந்தது.

தலைமை ஆசிரியர் மைக்கோடு வந்தார். “எங்க டீச்சர் எப்படிங்க?”

பொறியாளர் அம்மா நல்ல மனுஷி. “குழந்தைங்க சந்தோஷமா இருக்காங்க. டீச்சர் ரொம்ப நல்லவங்க” என்றார்.

பள்ளி முழுக்கக் கைதட்டியது. கைதட்டாமல் நின்றது ஒருத்திதான். மேடை ஓரத்தில் நின்ற மகளின் கண் அம்மாவின் மேலேயே இருந்தது. டீச்சர் மைக்கை வாங்கினாள். வேலை போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

“சார், எனக்குச் சீன மொழி தெரியாது. நான் இன்னும் கத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பிள்ளைங்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது தப்பு.”

தலைமை ஆசிரியருக்குக் கண் கலங்கியது.

“பாத்தீங்களா! இவ்வளவு தெரிஞ்சும் தெரியாதுன்னு சொல்றாங்க. இந்த அடக்கத்தைத்தான் பிள்ளைங்க கத்துக்கணும். வர்ற வருஷத்திலேருந்து ஒண்ணாம் வகுப்பு முதல் இவங்கதான் சீனம் எடுப்பாங்க!”

கைதட்டல் அடங்கவே இல்லை. அவள் மறுபடியும் ஏதோ சொன்னாள். மைக்கை அதற்குள் வாங்கிவிட்டார்கள்.

மகள் கிட்டே வந்து அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“நீதான் சொல்லிட்டியேம்மா.”

“சொல்லிட்டேன்.”

“அப்புறம் ஏன் யாருமே நம்ப மாட்டேங்கறாங்க?”

மாலையும் சால்வையும் அதற்குள் வந்துவிட்டன. போட்டுக்கொள்ள டீச்சர் தலை குனிந்தாள்.