மீசையைத் தின்ற கேஸ்

அந்த ஏசி மெக்கானிக்குக்கு மீசைக்காரர் என்றுதான் பேர். பெண்டாட்டி தலைக்கு வைக்காத எண்ணெயையெல்லாம் வைத்து வளர்த்த மீசை அது.

பெண்டாட்டிக்கு ஒரே தம்பி. நாலு அக்காமாருக்குப் பின்னால் வந்த கடைக்குட்டி. அவன் தும்மினால்கூட அதில் ஒரு திறமை இருப்பதாக அந்த வீட்டில் பேசிக்கொள்வார்கள். அவன்தான் புதிதாக ஏசி கேஸ் விற்க ஆரம்பித்திருந்தான்.

அன்று சாயங்காலம் மூத்த மகள் கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வருவதாக இருந்தது. வெக்கையில் குழந்தைக்கு உடம்பெல்லாம் பொரிந்திருந்தது. அறை குளிர்ச்சியாக இருந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டு ஏசியோ கேஸ் தீர்ந்து சும்மா ஊதிக்கொண்டிருந்தது.

"ஊருல யார் யார்கிட்டயோ வாங்குறீங்க. என் தம்பிகிட்ட வாங்கினா கை கூசுதா?" என்றாள் பெண்டாட்டி.

தம்பி சிலிண்டரோடு வந்தான். "சீல் பாருங்க மாமா, ஸ்டிக்கரைப் பாருங்க!"

பார்த்தார். உள்ளே இருப்பதைச் சோதிக்கும் கருவி கடைத்தெருவில் உண்டு. ஆனால் மச்சினன் கேஸைச் சோதிப்பது மச்சினனையே சோதிப்பதாகிவிடுமே! அப்படியே ஏற்றினார்.

குளிரவில்லை. எங்கோ கசிகிறது என்று நினைத்தார். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பதெல்லாம் கற்றுக்குட்டிகள் வேலை என்பது அவர் கணக்கு. முப்பது வருஷமாகக் குழாய் மூட்டில் தீக்குச்சியைக் காட்டித்தான் கசிவைக் கண்டுபிடிப்பார். அவர் ஏற்றும் ஏசி கேஸ் தீப்பிடிக்காது; கசிந்தால் சுடர் நடுங்கும், அவ்வளவுதான்.

அன்று நடுங்கியது அவர்தான். குப்பென்று தீ பிடித்து மீசையையும் திரைச்சீலையையும் ஒன்றாக நக்கியது. ஓடிப்போய் மெயினை அணைத்து வால்வை மூடுவதற்குள், எரிந்த துணி ஒன்று வரப்போகிற குழந்தைக்குக் கட்டியிருந்த காலித் தொட்டிலுக்குள் விழுந்தது. பெண்டாட்டி தண்ணீரை ஊற்றி அணைத்தாள்.

"அடுப்பு கேஸைக் கலந்து வித்திருக்கியேடா!"

"கேஸ் ஒரிஜினல்தான் மாமா. தீக்குச்சிதான் சரியில்ல."

"உன் வீட்டு ஏசியில எந்த கேஸ் ஓடுது?"

மச்சினன் தலையைச் சொறிந்தான். "அது... கம்பெனி கேஸ். சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடாச்சே!"

பொத்தலான தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா, பிறந்ததிலிருந்து அவனிடம் பேசாத குரலில் கேட்டாள்:

"உன் வீட்டுச் சாவிய எடு."

குழந்தை ஒரு மாதம் மச்சினன் படுக்கையறையில் சுகமாகத் தூங்கியது. மச்சினன் மொட்டைமாடியில் விசிறிக்கொண்டிருந்தான். மீசைக்காரர் பேர் மாறவில்லை. மீசை மட்டும்தான் இல்லை. பையில் இப்போது சோப்பு டப்பா இருக்கிறது.