நாலு மணி போன்

லிஃப்ட் பழுது பார்க்கிறவர் என்பதால் எல்லோரும் அவரை லிஃப்ட்காரர் என்றே கூப்பிட்டார்கள். "ஊரையே மேல ஏத்தி விடுறேன், நான்தான் இன்னும் தரைத்தளத்துலயே நிக்கிறேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மனைவி வெளிநாடு போன பிறகு அந்தச் சிரிப்பில் பாதிதான் மிஞ்சியது. அவள் அங்கே படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். அவளை அனுப்பத்தான் பயிற்சிக்கும் விசாவுக்கும் ஏஜென்ட்டுக்குமாக வங்கியில் தனிநபர் கடன் வாங்கியிருந்தார்.

அந்தப் பெரியவர் கண்ணயரும்போது இங்கே மாலை நாலு மணி. அவளுக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். எந்தக் கட்டடத்தில் வேலையென்றாலும் லிஃப்ட்காரர் நாலு மணிக்கு மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போய், கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "சாப்பிட்டீங்களா?" என்பாள். அந்த ஒரு கேள்விக்காக நாளெல்லாம் காத்திருந்தார்.

மூன்றாம் வருடம் ஏணி சரிந்து அவருடைய வலது தோள் மூட்டு விலகிவிட்டது. நாலு மாதம் பாதிச் சம்பளம். அவள் அனுப்பியது ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்குமே சரியாக இருந்தது. தவணை நின்றது. அதை அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

வசூல்காரர்கள் விடாமல் கூப்பிட்டார்கள். போனை அணைத்து வைத்து, நாலு மணிக்கு மட்டும் திறந்தார். ஒருநாள் புது எண்ணிலிருந்து மணி அடித்தது. அவள்தான் யார் போனிலிருந்தோ கூப்பிடுகிறாள் என்று ஆசையாக எடுத்து, "சொல்லும்மா" என்றார்.

"நான் சொல்றது இருக்கட்டும். நீங்க எப்ப கட்டப்போறீங்க?" என்றது ஓர் ஆண் குரல்.

அதோடு போனைத் திறக்கவே இல்லை. நாலு மணிக்கு மட்டும் கால்கள் பழக்கத்தில் மோட்டார் அறைக்குப் போய்விடும். அணைந்த போனை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு இறங்குவார்.

பத்தாம் நாள் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவருடைய அக்கா வந்து நின்றாள். "உயிரோடதான் இருக்கியாடா? அவ அங்க தண்ணிகூட குடிக்காம அழுதுக்கிட்டு கிடக்கா."

அவர் உடைந்துபோய்த் தவணை நின்ற கதையைச் சொன்னார். "ஜெயில்ல போட்டுருவாங்கக்கா. அவ வர்றப்போ நான் உள்ள இருப்பேன்."

அக்கா அவரைக் கையோடு நீதிமன்ற வளாகத்து இலவசச் சட்ட உதவி அறைக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்த பெண் வக்கீல் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"பொய் சொல்லி வாங்கல, கொடுத்த செக் எதுவும் திரும்பி வரல. கட்ட முடியலங்கிறதுக்காக மட்டும் உங்கள ஜெயில்ல போட மாட்டாங்க. ஆனா பேங்க்காரங்க கோர்ட்டுக்குப் போய் தீர்ப்பு வாங்கினா, சம்பளத்துல ஒரு பங்கைப் பிடிக்கச் சொல்லலாம். அதனால ஒளியாதீங்க. ஒளியறவனுக்கு யாரும் சலுகை தர மாட்டாங்க."

"வேற வழி இருக்கா மேடம்?"

"தோள் அடிபட்ட ஆஸ்பத்திரி காகிதத்தை வச்சு, தவணையைக் குறைச்சு வருஷத்தை நீட்டித் தரச் சொல்லி எழுதிக் கேக்கலாம். இல்லேன்னா கையில மொத்தமா கொஞ்சம் இருந்தா, ஒரு தொகை பேசி ஒரேயடியா முடிக்கலாம். அப்படி முடிச்சா அடுத்த கடன் கிடைக்கிறதுதான் குதிரைக் கொம்பு. ரெண்டும் நடக்கலன்னா திவால் மனு. அது கடைசி. வேலை செய்ற இடத்துல வந்து சத்தம் போட்டா என்கிட்ட சொல்லுங்க, புகார் எழுதலாம்."

மறுநாள் நாலு மணிக்கு அவரே மனைவியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினாள்.

"ஊருக்கு வர்றதுக்குன்னு டிக்கெட்டுக்கும் செலவுக்குமா காசு சேத்து வச்சிருக்கேன். அனுப்பிடவா? மொத்தமா முடிச்சிடுங்க."

அதை அனுப்பினால் கடன் தீரும், அவள் வருவது மட்டும் வேலை ஒப்பந்தம் முடியும்வரை, இரண்டு வருடத்துக்கு மேல் தள்ளிப் போகும். "வேணாம்," என்றார். "நான் வருஷக்கணக்கா கட்டிக்கிறேன். நீ வா. உன்ன ஒருதடவ பாக்கணும்."

வங்கியோடு நடந்த சமரசப் பேச்சு மூன்று தடவை இழுத்தது. கடைசியில் அபராத வட்டியைத் தள்ளுபடி செய்து, மீதியை நாலு வருடத்துக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போடும்போது அவருடைய தோள் வலித்தது.

இரண்டு மாதம் கழித்து அவள் நாற்பது நாள் விடுப்பில் வந்தாள். முதல் சில நாள் இருவருக்கும் கூச்சம். பத்து நிமிடம் ஆனதும் பேச்சு தானாக நின்றுவிடும். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். பேச்சு ஓடத் தொடங்கியபோது திரும்பிப் போகும் நாள் வந்துவிட்டது.

அவள் போய் ஏழு மாதம் ஆகிறது. ஒப்பந்தம் முடிய இன்னும் பதினேழு மாதம். தவணை அதற்குப் பிறகும் ஏறக்குறைய இரண்டு வருடம் ஓடும். "மிச்சத்தை ஒரே வீட்ல இருந்துக்கிட்டு ரெண்டு பேருமா கட்டிடலாங்க" என்று போன வாரம் சொன்னாள்.